நடுக்கால் அளவு

ஃபஹாஹீலில், கார் கண்ணாடிக் கடையின் மாடியில்
எங்கள் மெஷின் இருக்கிறது.
காலை ஏழரைக்கு முதலில் படுப்பது ஒரு பிளாஸ்டிக் உருளை.
அதற்குள் எவ்வளவு சுண்ணம் என்று
செய்தவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.
அதைச் சரியாகச் சொன்ன பிறகுதான்
மனுஷர்களைப் பற்றி மெஷின் சொல்வதை நான் கேட்பேன்.
இன்று சொன்னது.
ஜன்னலுக்கு வெளியே புழுதி; எதிர்க் கட்டடம் இல்லை.

இரண்டாவது, மாசானமுத்து.
அட்டையில் தொழில்: தோட்டக்காரர்.
கையில் கம்பி கட்டும் கொக்கியின் காய்ப்பு.
எட்டு வாரமாய் முன்காலில் வலி,
எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை,
ஃபோர்மேனுக்கு நம்பிக்கையும் இல்லை.

முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடையில்
டேப் பிடித்து, மையால் கோடு போட்டேன்.
"அசையாதீங்க. மூணு நிமிஷம்."
"மூச்சு விடலாமா?"
"காலால விடாதீங்க."

திரையில் வெள்ளை வளையம்.
முனை மழுங்கிய முக்கோணம், நடுவே மஜ்ஜையின் கருப்பு.
"இதுல கம்பி எது, சிமெண்ட் எது?" என்றார்.
நார் கம்பி, சுண்ணம் சிமெண்ட் என்றேன்.
"அப்ப சரி. கம்பி மட்டும்னா வளையும்,
சிமெண்ட் மட்டும்னா விரியும்" என்று
எனக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் எடுத்ததை
படுத்தபடியே முடித்துவிட்டு, கேட்டார்:
"கவர் எத்தனை எம்எம்?"

ஐந்து புள்ளி ஆறு. பின்பக்கம்.
முன்பக்கம் ஓரிடத்தில் நாலுக்குக் கீழே.
அங்கேதான் மெஷினை நம்ப முடியாது.
சுவர் மெலிந்த இடத்தில்
பாதி எலும்பும் பாதி சதையுமாய் விழும் கட்டங்களை
அது சராசரி போட்டு
அடர்த்தியும் குறைவு என்று எழுதிவிடும்.
இரண்டாம் முறை எடுத்தேன்.
மூன்றாம் முறை, காலை எடுத்து மறுபடி வைத்து.
மூன்றும் அதே இடத்தில் மெலிந்தன.

நெட்டுவாக்கில் நின்றால் ஆளையும் தாங்கும்,
ஆள் தோளில் ஏற்றிய கட்டையும் தாங்கும்.
குறுக்கே வளைத்தால் முனகும்.
திருகினால், அதற்குத் தெரிந்த தற்காப்பு கொஞ்சம்தான்.
அவர் நாள் முழுக்கக் குந்தி, திரும்பி,
குந்தி, திரும்பி முடிச்சுப் போடுகிறார்.

எழுதும்போது வந்த வருஷத்தைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு ஆண்டு.
கெட்டி எலும்பில் வருஷத்துக்கு நூற்றில் மூன்று பங்கு
அரித்து எடுக்கப்பட்டு, புதிதாய்க் கட்டப்படும் என்பது
நான் மனப்பாடம் செய்த கணக்கு.
கால்குலேட்டரில் தட்டினேன். மிச்சம் பாதி.
மற்ற பாதி
குபூஸ், லபன், கேம்ப் பருப்பு,
கடலைக் காய்ச்சி இறக்கிய தண்ணீர்.

பழையதை ஓரமாய் வைத்துவிட்டுப் புதியதைக் கட்டுவதில்லை.
துளைத்துக்கொண்டு போகும் ஒரு கூட்டம்,
பின்னாலேயே வளையம் வளையமாய்ப் பூசிக்கொண்டு இன்னொரு கூட்டம்,
நடுவே மயிரிழையில் ஒரு ரத்தக்குழாய்.
அறுபட்ட பழைய வளையங்களின் பிறைத் துண்டுகள்
புதியவற்றின் இடுக்குகளில் மாட்டிக்கொண்டு கிடக்கும்.
எந்தத் துண்டு எங்கே வைத்தது என்று பிரித்துக் காட்ட
மைக்ரோஸ்கோப் வேண்டும், சீவிய எலும்பு வேண்டும்.
இந்த மெஷினுக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

துளைப்பவர்கள் வேகமாய்ப் போய்,
பூசுகிறவர்கள் பின்தங்கிய இடம்தான் வலி.
ஓய்வு கொடுத்தால் எட்டிப் பிடித்துவிடுவார்கள்.
ஆனால் அதை எழுதுவது டாக்டர் ஹனான்.
என் கட்டத்தில் எண்கள் மட்டும்.
இருந்தும் குறிப்பில் சேர்த்தேன்:
'மூன்று முறை அளந்தது. மூன்றும் ஒன்று.'
ஃபோர்மேன் படிக்கக்கூடும் என்று பெரிய எழுத்தில்.

போகும்போது திரையை ஃபோனில் படமெடுத்து
மனைவிக்கு அனுப்பினார்.
லிஃப்ட் வருவதற்குள் பதில் வந்தது, சத்தமாய்:
"ஏங்க, வடைப் படத்த எதுக்கு அனுப்புறீக?
அதும் ஓட்டை ஒரு பக்கமா இழுத்திருக்கு."

அந்தப் பக்கம்தான், மூன்று முறையும்.