பந்து நேராக வந்தது

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் வேலூரைக் கிண்டலடிக்கும் பட்டியலில்
யாரோ சேர்க்க மறந்தது
புல்லில்லாத மைதானம்.

மூன்று வருடம் அதில்தான் விழுந்தேன்.
விழுவதுதான் கோல்கீப்பருக்கு வேலை.
ஓடுகிறவர்களுக்கு மைதானம் காலுக்குக் கீழே.
எனக்கு அது இடுப்பில், முழங்கையில்,
ஒருமுறை தாடையில்.

ஆம்பூர் காலேஜில்
வலைக்குப் பின்னால் தண்டவாளம்.
சரக்கு வண்டி போகும்போது
நான் கத்துவது யாருக்கும் கேட்காது.
கோமளவல்லி திரும்பி
என்ன, என்ன என்று உதட்டை மட்டும் அசைப்பாள்.
அந்த ஊர்ப் பெண்கள்
கார்னர் கிடைத்தால் உடனே அடிப்பதில்லை.
சிக்னலைப் பார்ப்பார்கள்.
பந்தின் மேல் கால் வைத்துக்கொண்டு
வண்டிக்காகக் காத்திருப்பார்கள்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி. இரண்டு கோல்.

வாணியம்பாடியில் சுவர்மேல் வரிசையாகப் பையன்கள்.
"ஏ லம்பீ!" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
நெட்டைக்காரி என்று அர்த்தம்,
ஷமீனா சொல்லாவிட்டால் சண்டைக்குப் போயிருப்பேன்.
பாங்கு ஒலித்ததும் சுவர் மொத்தமும் காலி.
அப்போது பார்த்து அவர்களுக்குப் பெனால்டி.
அடிக்க வந்தவளின் மூச்சுகூடக் கேட்டது.
வலப்பக்கம் பாய்ந்து பிடித்தேன்.
கைதட்ட ஒருத்தன் இல்லை.

திருப்பத்தூரில் ஜனவரி காலை ஏழு மணி ஆட்டம்.
ஏலகிரியிலிருந்து இறங்கிய பனி
நடுக்கோட்டோடு உட்கார்ந்துகொண்டது.
அந்தப் பக்கம் விசில் கேட்டது, கூச்சல் கேட்டது.
யார் போட்டது என்று தெரிய
நம் பெண்கள் ஓடி வருகிறார்களா
நடந்து வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.
நடந்து வந்தார்கள்.

ராணிப்பேட்டையில் காற்று திரும்பினால் தோல் வாடை.
வெளியூர்க்காரர்கள் முதல் பாதியை
மூக்கைப் பிடித்துக்கொண்டே ஆடுவார்கள்.
இரண்டாம் பாதியில் வாடை தெரியாது,
மூச்சுதான் இருக்காது.

எங்கள் மைதானத்தில் சூரியன்
ஐந்து பத்துக்குப் பாறைக்குப் பின்னால் விழும்.
அதுவரை மேற்கே பார்க்கும் கீப்பருக்குக் கண் அவியும்.
ஆகவே டாஸ் ஜெயித்தால் பக்கம்தான் கேட்போம்.
விழுந்த பின்னும் மலை விடாது,
பகலெல்லாம் குடித்த வெயிலை
ஏழு மணி வரை நம் முகத்தில் ஊதும்.

அப்புறம் ஞானப்பல்.
வடக்குக் கோலுக்கு ஐந்தடி முன்னால்
மண்ணில் புதைந்த கல்லின் நுனி.
தரையோடு வரும் பந்து அதில் பட்டால்
இடப்பக்கம் திரும்பும். எப்போதும் இடப்பக்கம்.
எனக்குத் தெரியும். வருகிறவளுக்குத் தெரியாது.
பேப்பரில் என்னைக் "கணிப்பில் வல்லவர்" என்று போட்டிருந்தார்கள்.
கல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஃபைனல் சென்னையில்.
பச்சைப் பாய் விரித்தது போலத் தரை.
விழுந்தால் வலிக்கவில்லை,
சாக்ஸுக்குள் கறுப்பு ரப்பர்த் தூள் மட்டும்.
ரயில் இல்லை, பனி இல்லை, எந்த வாடையும் இல்லை.
எண்பத்தாறாவது நிமிடம்
ஏழாம் எண்காரி ஒன்று உருட்டினாள்.
மெதுவான பந்து. தையல் தெரிந்தது.
நான் இடப்பக்கம் சாய்ந்து
அது திரும்பக் காத்திருந்தேன்.

ஏன் சாய்ந்தாய் என்று
காவேரிப்பாக்கம் தாண்டும் வரை கேட்டார் ஜெசிந்தா மேடம்.
ஜன்னலில் தலை வைத்துத் தூங்குகிற மாதிரி இருந்தேன்.
முழங்காலைத் தடவினேன்.
ஒரு கீறல் இல்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்.
ஷமீனா சிரித்தாள். கோமளவல்லி சிரிக்கவில்லை,
ஹாஸ்டல் தோட்டத்துக் கடப்பாரையோடு வந்தாள்.
தோண்டினோம். முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம்.
கல் கீழே போகப் போக அகலமாகிக்கொண்டே போனது.
"இது கல் இல்லைடீ, மலை" என்றாள்
வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

மண்ணைத் தள்ளி மிதித்து மூடினோம்.
நுனி மட்டும் தெரிகிற மாதிரி.
ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைக்காரிகள் வருகிறார்கள்.