தெற்குப் பார்த்து நிறுத்தவும்

ட்ரெவில்லியன் சவ அடக்க நிலையத்தை மூடியபோது
ஏலத்துக்கு வந்தது இந்த மெர்சிடிஸ்.
இரண்டாயிரத்து இரண்டாம் வருடத்து வண்டி. கறுப்பு.
பிணம் ஏற்றியதில்லை.
பிண வண்டிக்குப் பின்னால் போகிற வண்டி.
இருபது வருடத்தில் பதினோராயிரம் மைல்,
அதுவும் இரண்டாவது கியரில்.

பியூட் நகரத்தில் யாரும் விலை கேட்கவில்லை.
நான் கையைத் தூக்கினேன்.
"கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து
ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறவளுக்கு
எதற்கடி இந்தக் கப்பல்?" என்றாள் மில்கா.
"ரேடியோ கேட்க."

மலை தாண்டினால் எஃப்.எம். எட்டாது.
கரகரப்பும் ஒரு பாதிரியாரும்தான்.
அதனால் செயற்கைக்கோள் ரேடியோ.
பழைய பெட்டி, நாற்பது டாலர்,
செங்கல்லை விட மெலிசு.

மில்கா தொலைபேசி கம்பெனியில்
முப்பது வருடம் கேபிள் ஒட்டியவள்.
டிக்கியின் இடப்பக்கத் துணியை
மீன் தோலை உரிப்பதுபோல் உரித்தாள்.
உள்ளே சிடி மாற்றி.
ஆறு தட்டும் காலி.
மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிபடவில்லை.

"கம்பி இல்லை, கண்ணாடி இழை. மடக்கிவிடாதே.
ஒரு காசின் வட்டத்துக்குக் கீழே வளைந்தால்
வெளிச்சம் கசிந்துவிடும்."
இழையின் முனையில் ஒரு சிவப்பு,
இரத்தம் குடித்த கொசுவின் வயிறு மாதிரி.
எல்லாப் பெட்டியும் ஒரே வளையத்தில் கைகோத்திருக்கிறதாம்.
ஒன்று கைவிட்டால் வண்டி முழுக்க ஊமை.

சிடி மாற்றியைக் கழற்றிய இடத்தில்
புதுப் பெட்டியைச் சொருகினாள்.
"வண்டிக்கு இது ரேடியோ என்று தெரியாது.
பழைய ஆள்தான் என்று நினைத்துக்கொள்ளும்.
நினைக்கட்டும்."

ஆன்டெனா ஒயரை ஓட்டப் பின்சீட்டைத் தூக்கினோம்.
கசங்கிய டிஷ்யூக்கள்,
உறை பிரிக்காத பெப்பர்மின்ட்,
சின்னப் பிள்ளையின் சட்டைப் பொத்தான்,
இரண்டாக மடித்த அஞ்சலித் தாள், வேறு யாருடையதோ.
நான் தேடவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த நவம்பரில் இதே சீட், இடது ஓரம்.
ஆர்வோ முன்னால் போய்க்கொண்டிருந்தான், பெட்டியில்.
டாஷ்போர்டில் பச்சையாக மணி மட்டும் எரிந்தது.
யாராவது அந்தக் குமிழைத் திருப்புங்களேன்
என்றிருந்தது எனக்கு.
ஒரு சோப்பு விளம்பரம் போதும்.
வாய்விட்டுக் கேட்கவில்லை.
அந்த வண்டியில் எதையும் யாரும் கேட்பதில்லை.

ஷெட்டுக்குள் சிக்னல் இல்லை.
வெளியே பனியில் தள்ளினோம்.
தெற்குப் பார்த்து நிறுத்தவும் என்றது கையேடு.
தெற்கே கல்லறை மேடு,
அதற்கு மேல் ஹைலாண்ட் மலை,
அதற்கு மேல் ஒன்றுமில்லை,
அங்கேதான் எங்கோ தொங்குகிறதாம்.

சந்தாவுக்கு போன் போட்டால்
பெட்டியின் எண்ணைப் படிக்கச் சொன்னாள் ஒருத்தி.
எட்டா, பீயா?
எட்டா, பீயா?
விரல் விறைத்துப்போனது.
"வாகனம் உங்களுடையதுதானே மேடம்?"
"இப்போது."

பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
மில்கா டயரை உதைத்தாள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல்.
பிறகு ஒரு ஆள்,
கதவோரம் நிற்பவன் மாதிரி அவ்வளவு பக்கத்தில்:
நெப்ராஸ்காவில் பனிக்காற்று, லாரிக்காரர்கள் கவனம்.
அடுத்த அலைவரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்,
எதற்கென்று தெரியவில்லை.
நாங்களும் சிரித்தோம்.

ஒரு சுற்றுப் போய் வரலாம் என்றேன்.
மில்கா பின்னால் ஏறிக்கொண்டாள், இடது ஓரம்,
காலை நீட்டி, ஆப்பிளைக் கடித்தபடி.
நான் எதுவும் சொல்லவில்லை.

ரயில் பாலத்தின் அடியில்
சட்டென்று நின்றது குரல்.
வண்டிக்குத் தன் பழைய பழக்கம்
ஞாபகம் வந்துவிட்ட மாதிரி.
என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.
ஆப்பிள் கடிபடும் சத்தம்.
ஒன்று. இரண்டு. மூன்று.

பாலம் தாண்டியதும்
நெவாடாவில் வெயில் என்றார்கள்.
நடுவே எந்த ஊரைச் சொன்னார்களோ, போனது போனதுதான்.
"ஓட்டு, ஓட்டு" என்றாள் பின்னாலிருந்து.
மூன்றாவது கியருக்கு மாறும்போது
வண்டிக்கு ஒரு சின்ன உதறல்.