அறுபத்து நான்கு கொண்டைகள்

சித்வேயிலிருந்து மிராவ்க்-ஊவுக்கு
ஆறு மணி நேரப் படகு.
மேல்தட்டில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்,
யாங்கோனிலும் தினமும் என் எதிரே இருப்பவள்.

தாம்வேயில் ஒரே தெரு.
இந்தச் சாரியில் கோமளா அழகு நிலையம்,
அந்தச் சாரியில் ஸின் மா.
மணப்பெண் அலங்காரத்துக்கு நான் ஆயிரம் கியாட் குறைத்தால்
விடிந்ததும் அவள் இரண்டாயிரம் குறைப்பாள்.
பதினோரு வருஷம்
அவள் கண்ணாடியில் நான், என் கண்ணாடியில் அவள்.
பேசியதில்லை.

"நீயுமா?"
"நானும்தான்."
எதற்கு வந்தோம் என்று
இரண்டு பேருமே சொல்லவில்லை.

விடியும் முன்னே மேடேறினோம்.
கோயில் என்றார்கள், கோட்டையாக நின்றது.
பேருக்கு நாலு துவாரம், மிச்சமெல்லாம் சுவர்.
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
கோ சான் ஹ்லா சொன்னான்:
பகை வந்தால் புத்தரோடு சனமும்
உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளுமாம்.
"சொல்வாங்க. நான் பார்த்ததில்ல."

கீழே பள்ளத்தாக்கு இன்னும் எழுந்திருக்கவில்லை.
மூடுபனியும் அடுப்புப் புகையும்
சிக்கெடுக்காத தலைபோலக் கிடந்தன.
குன்றுக்குக் குன்று தூபிகள்,
நுனி மட்டும் வெளியே,
யாரோ செருகிவிட்டு எடுக்க மறந்த ஊசிகள்.
கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது.
நாங்கள் இரண்டு பேர் மட்டும்
அந்த அழகுக்கு முதுகைக் காட்டிவிட்டு
உள்ளே போனோம்.

சுருண்டு சுருண்டு போகிற இருட்டு.
கல்லில் ஈரம். வௌவால் வாடை.
மாடத்துக்கு மாடம் புத்தர்.
பக்கத்தில் குந்தித் தாமரை நீட்டும்
பிரபு வீட்டுப் பெண்கள்.
அறுபத்து நான்கு கொண்டைகளாம்,
ஒன்றுபோல் ஒன்று இல்லையாம்.

கூந்தல் இருக்கிற சீமாட்டி
அள்ளியும் முடிவாள், அவிழ்த்தும் முடிவாள், தெரியும்.
அதற்காக அறுபத்து நான்கா?
நம் பழம்புலவர்களே ஐம்பால் என்று
ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழாமவளுக்கு இடக்காதின் மேல் சரிந்த முடிச்சு.
பன்னிரண்டாமவளுக்கு முகமே இல்லை,
பெயர்ந்து போயிருந்தது.
பின்னல் மட்டும் முந்தாநாள் போட்டதுபோல.
என் விரல்கள் தாமாக அசைந்தன.
திரும்பினேன்.
ஸின் மாவின் விரல்களும்.

என் கைப்பேசியில் விளக்கு எரியும், படம் மங்கல்.
அவளுடையதில் படம் துல்லியம்,
விளக்கு கெட்டு ஒரு மாதம்.
நான் வெளிச்சம் பிடித்தேன்.
"கொஞ்சம் மேலே. நிழல் விழுது."
"இது எப்படி நிக்குது? மெழுகா?"
"தேங்காயெண்ணெயில கொஞ்சம் பிசின்."
"ஓ, நீ அதைத்தான் போடறியா!"
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
பதினோரு வருஷ ரகசியம்
ஒரு வௌவால் குகையில் போயிற்று.

வெளியே வந்து கேட்டேன்:
"இவங்களுக்கெல்லாம் வாரிவிட்டவ எங்க?"
கோ சான் ஹ்லா எச்சிலைத் துப்பினான்.
"அவளை யாரு செதுக்குவா?"
பனி விலகி வயல் தெரிந்தது,
எருமை தெரிந்தது,
சைக்கிளில் ஒரு பையன் எங்கோ அவசரமாய்ப் போனான்.

இப்போது அந்தப் பக்கம் படகு போவதில்லை.
செய்தியில் ஊர்ப்பெயர் வந்தால்
சத்தத்தைக் கூட்டுகிறேன்.
எதிர்க்கடையிலும் கூட்டுகிறார்கள்.
விலை குறைப்பது மட்டும் நிற்கவில்லை,
அவளும் பிசின் வாங்குகிறாள்.

பழைய மாதிரி வேண்டுமென்று
எந்த மணப்பெண்ணாவது கேட்டால்
தெருவைத் தாண்டுகிறேன்.
படங்கள் மொத்தம் அறுபத்தொன்று.
மூன்று விட்டுப்போயிற்றா, எண்ணியது தப்பா,
இன்னும் சண்டை போடுகிறோம்.

எல்லாப் படத்திலும் ஓரத்தில்
வெளிச்சம் பட்டு ஒரு கட்டைவிரல்,
நகக்கண்ணில் தலைச்சாயம்.
"இதை வெட்டிடவா?" என்றாள் ஒருநாள்.

இருக்கட்டும் என்றேன்.