எழுபதுக்கு மேல் நடுங்கும்

சீட்டுக் காசு கைக்கு வந்த கிழமை
பிரிட்ஜில் ஒட்டியிருந்த யானைக் காந்தத்தைக்
கைப்பைக்குள் போட்டுக்கொண்டு
கொஹுவலைக்கு பஸ் ஏறினோம்.
"காந்தம் எதுக்கம்மா?" என்றாள் சஞ்சுதா.
பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது, என்றேன்.
உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்று
என்னிடம் இது இருக்கவில்லை.

வெள்ளை மார்ச்.
மகளைவிட ஏழு வயது மூத்தது.
நான்கு பேர் கைமாறி, ஐந்தாவதாய் நாங்கள்.
மீற்றர் தொண்ணூற்றெட்டாயிரத்தில் நின்றுபோய்
எத்தனை வருடம் என்று
அமரதுங்கவுக்குத் தெரியவில்லை,
தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை.
புதிதாய் இறங்கிய நாளில் கொடுத்ததைவிடப் பல மடங்கு
கிழடான பிறகு கேட்கிறார்.
இந்த ஊரில் வயது ஏற ஏற விலை ஏறுவது
காணிக்கும் காருக்கும் மட்டும்.

ஃபௌமி பாஸ் பொனெற்றைத் திறந்து
தலையை உள்ளே விட்டவர்
நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை.
நான் காந்தத்தோடு வலம் வந்தேன்.
முன் கதவு. யானை நின்றது.
கூரை. நின்றது.
இடது பின்கதவின் கீழ்ப்பக்கம்
வழுக்கித் தரையில் விழுந்தது.
"மகே புத்தா," என்றார் அமரதுங்க,
கேட்டைக் காட்டி.
லைசன்ஸ் எடுத்த முதல் வாரமாம்.
அந்த மகன் இப்போது மெல்பர்னில்
ட்ராம் ஓட்டுகிறானாம்.

பாஸ் நிமிர்ந்து கையைத் துடைத்தார்.
எஞ்சின் நல்லது. இரண்டாம் கியர் கொஞ்சம் முறைக்கும்.
பிரேக் முழுக்க மாற்ற வேண்டும்.
ஏசியில் காற்று வரும், குளிர் வராது.
ஃபேன் பெல்ட் கீச்சிடுது, அது சின்ன வேலை.
"ஆனால் மெடம்,
எழுபதுக்கு மேல் போனால் நடுங்கும்."

அமரதுங்கவின் முகம் சுருங்கியது.
தான் செய்த பிழைபோல் பாஸ் நிலத்தைப் பார்த்தார்.
நான் அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன்.
கார் ஓட வேண்டும்.
ஓடக் கூடாது.
இரண்டையும் சேர்த்துக் கேட்டால்
எந்தக் கடையில் எடுத்துத் தருவார்கள்?

நாரஹேன்பிட்டி ஆய்வுகூடத்தில்
அவளுக்கு வேலை முடிய இரவு பதினொன்று.
கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு வந்த
த்ரீவீல்காரனைப் பற்றி
ஒரே ஒரு தரம் சொன்னாள்.
நான் முந்நூறு தரம் கேட்டுவிட்டேன்,
படுக்கையில் கிடந்து, தனியே.

"அந்திம கான கீயத?" என்றேன்,
பதினாறு வருடம் புறக்கோட்டையில்
கணக்கெழுதிய குரலில்.
பதினைந்தாயிரம் குறைந்தது.
யானை விழுந்த இடத்துக்காக இன்னொரு ஐயாயிரம்.

காலி வீதி. முதல் நாள்.
வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு நேரே நின்றுபோனது.
பின்னால் நூறாம் இலக்க பஸ்
ஊரையே கூட்டியது.
என் வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது.
கார் ஓட்டத் தெரியாத கால்,
எங்கே பழகியதோ.
அவள் திரும்பவில்லை. சாவியைத் திருகினாள்.
"அம்மா, மூச்சை விடுங்கோ."

பிரேக் புதிது.
டயர் இரண்டு புதிது, இரண்டு அடுத்த சம்பளத்தில்.
பெல்ட்டைப் பற்றி மட்டும்
நான் பாஸிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பதினொன்றரைக்கு லேன் முனையில்
கீச்சென்று ஒரு சத்தம் திரும்பும்.
உடனே லைட்டை அணைத்து
எப்போதோ தூங்கிப்போனவள்போல் கிடப்பேன்.

போன சனிக்கிழமை பாஸ் தானாகவே
அதையும் மாற்றிக் கொடுத்தார்.
அறுந்தால் நடுவீதியில் நிற்கும் மெடம், என்றார்.
காசு வாங்கவில்லை.
நன்றி சொன்னேன், சொல்லத்தானே வேண்டும்.

இப்போது சத்தமே இல்லாமல் வருகிறது.
பல்கனியில் நின்று
திரும்புகிற வெளிச்சங்களை எண்ணுகிறேன்.
நேற்று, எதிர்வீட்டு டொக்டரின் காருக்குக்
கையசைத்துவிட்டேன்.
அவரும் அசைத்தார்.