மூன்றாவது அடி பிந்துகிறது

நவம்பர். தம்பெரேயில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
தபால் பையை இறக்கிவிட்டு
கையுறையைக் கழற்றாமலே
கட்டிலில் கிடக்கும் அதைப் பார்க்கிறாள் ரைலி.
இரவல் பேஸ் கிட்டார்.
ஒரு மாதக் குழந்தையின் கனம்.
தூக்கினால் குழந்தையைப் போலவே
தலை ஒரு பக்கம் தொங்குகிறது.

யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை.
கிளை அலுவலகத்தில் நாலு பேர் இசைக்குழு தொடங்கினார்கள்.
ஓஸ்மோவுக்கு டிரம்ஸ். ஹில்லாவுக்குப் பாட்டு.
பார்சல் பிரிக்கும் அப்திரிஸாக்குக்கு கிட்டார்.
மிச்சமிருந்தது இது,
மிச்சமிருந்தவள் இவள்.
வயது நாற்பத்தாறு.

என் மொழியில் தந்திக்கு இரண்டு பொருள்.
ஒன்று, அகாலத்தில் வாசலுக்கு வருவது;
பிரிக்கும் முன்பே உள்ளே அழத் தொடங்கிவிடுவார்கள்.
ரைலிக்கு இது தெரியாது.
அவளுக்குத் தெரிந்த தந்தி நான்கு,
தடித்தது மேலே, மெலிந்தது கீழே,
நான்கும் விரலைத் தின்கின்றன.

ஆள்காட்டி விரலில் கொப்புளம்.
மறுநாள் கடிதக்கட்டைப் புரட்டுகையில்
ஒவ்வொரு உறையும் தேடிவந்து அங்கேயே உரசியது.
மூன்றாம் வாரம் அது வற்றி
மஞ்சளாய் ஒரு காய்ப்பு.
காபிக் கோப்பையின் சூடு
அந்த இடத்தில் மட்டும்
இப்போது கொஞ்சம் தாமதமாக உறைக்கிறது.

மீட்டுவது எளிது.
நிறுத்துவதுதான் வரவில்லை.
விட்ட தந்தி தானாக ஓய்வதில்லை,
அடுத்த சுரத்தின் மேல் ஏறி உளறுகிறது,
சாப்பாடு முடிந்தும்
செருப்பைத் தேடாத விருந்தாளி போல.
ஒலிக்க ஒரு விரல் போதும்,
வாயடைக்க மூன்று வேண்டியிருக்கிறது.

ஒருநாள் தற்செயலாய்க் கண்டுபிடித்தாள்:
தடித்த தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால்
சமையலறை ஃபிரிட்ஜ் கூடவே பாடுகிறது.
ஏறக்குறைய ஒரே சுருதி.
மயிரிழை அளவு ஃபிரிட்ஜ்தான் உசத்தி.
அந்த மயிரிழையில் இரண்டும் உரசி
நொடிக்கொருமுறை
அறை வீங்கி வடிந்தது.
பதினோரு வருடமாய் அதற்குள் பால் வைக்கிறாள்,
அதற்கு ஒரு சுரம் இருப்பது இப்போதுதான் தெரியும்.
ஒத்திகைக்கு முதலில் கிடைத்த ஆள்.

டிசம்பர், ஒரு சனிக்கிழமை,
கதவுத் துவாரத்தின் கீழே ஒரு காகிதம்.
தபால்தலை இல்லை, முகவரி இல்லை.
தொழில் புத்தி, முதலில் அதுதான் கண்ணில் பட்டது.
கீழ்வீட்டு கெகலைனன்.
நான்கு வருடத்தில் லிஃப்ட்டில் அவர் சொன்னது
மொத்தம் இரண்டு வணக்கம்.

"மாலையில் உங்கள் சத்தம்
வெந்நீர்க் குழாய் வழியாக என் குளியலறைக்கு வருகிறது.
நிறுத்தச் சொல்லவில்லை.
மூன்றாவது அடி எப்போதும் பிந்துகிறது.
நிம்மதியாகப் பல் துலக்க முடியவில்லை."

காதுவரை வெட்கம். பிறகு கோபம்,
இவர் யார், குழாய்க்குள் காதை வைத்துக்கொண்டு.
அன்று முழுக்க அதைத் தொடவில்லை.
ஞாயிறு, கம்பளிக் காலுறையோடு
தரையில் தட்டி எண்ணிப் பார்த்தாள்.
ஒன்று. இரண்டு.
அடுத்த தந்திக்குத் தாவும் இடத்தில்
விரல் ஒரு கணம் யோசிக்கிறது,
பனியில் படி இருக்கிறதா என்று
காலால் துழாவுகிற மாதிரி.
மனுஷன் சொன்னது சரி.

ஓஸ்மோ இதைக் கவனித்ததே இல்லை.
அடுக்ககத்தின் அடியில், போர்க்காலப் பதுங்கறையில்,
பழைய சைக்கிள்களுக்கு நடுவே
அவன் போட்ட போடில்
யாருக்கு எது கேட்டது.

இன்று பிப்ரவரி. மாலை ஏழு.
மிக மெதுவாக, நத்தை வேகத்தில், தொடங்கினாள்.
நான்காம் சுற்றில்
கீழிருந்து குழாயில் ஒரு தட்டு.
கரண்டியாக இருக்கலாம், பல்துலக்கியாகவும்.
மிகச் சரியாக மூன்றில் விழுந்தது.
அவளுடையது அதற்குப் பின்னால்,
வெட்கப்பட்டுக்கொண்டு.

மறுபடி தட்டு. மறுபடி இவள்.
இடைவெளி இப்போது ஒரு தீக்குச்சி அகலம்.
ஃபிரிட்ஜ் குலுங்கி நின்றது.
அவள் உள்ளங்கையால் நான்கு தந்தியையும் அமர்த்தினாள்,
கீழேயும் யாரோ
மூச்சைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

சரி. ஒன்றிலிருந்து.