பன்னிரண்டரை

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள்
அரவேணு ரோட்டில் மண் சரிந்தது.
மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் சரிவில்
தேங்கக்கூட இடமில்லாமல் தண்ணீர் ஓடியது.
ஓட்டத்தை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றார் பி.டி. மிஸ்,
ஏதோ காயப்போட்ட துணியைச் சொல்வதுபோல.

உள்ளே என்றால் தேயிலைக் கிடங்கு.
மூட்டைகளை நடுவில் குவித்துவிட்டு
சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு.
ஒரு சுற்று நூற்றிருபது மீட்டர்.
ஆயிரத்து ஐந்நூறுக்குப் பன்னிரண்டரை.
ஷட்டரில் தொடங்கினால்
எதிர்ப்பக்கம் எடைமேடையில் முடியும்.

அதுவரைக்கும் எனக்குத் தூரம் என்பது பெயர்கள்தான்.
பேக்கரி வளைவு.
நாய் வீடு.
கவ்வாத்து வெட்டிய பத்தாம் நம்பர் காடு.
காட்டெருமை நின்றால் அது போகும்வரை
நாமும் நிற்கவேண்டிய ஓடைப்பாலம்;
அந்த இரண்டு நிமிஷத்தை எந்த நடுவரும் கழித்ததில்லை.
பிடுங்க நேரமில்லாமல்
அட்டையையும் சுமந்துகொண்டு ஓடிய கடைசி ஏற்றம்.

மலைக்கு ஒரு நாணயம் உண்டு.
ஏற்றினால் இறக்கிவிடும்.
வாங்கிய மூச்சில் பாதியையாவது
அடுத்த திருப்பத்தில் கையில் வைக்கும்.
சமதளம் அப்படியில்லை.
அது யாரிடமும் கடன் வாங்கவில்லை,
அதனால் தரவும் தராது.

இங்கே எல்லா வளைவும் இடது பக்கம்.
ஒரே வாரத்தில் இடது முட்டிக்கு வயதாகிவிட்டது.
மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் டஸ்ட் டீ.

இன்னொன்றும் இருக்கிறது.
மலையில் பனிமூட்டம் மற்றவர்களை விழுங்கிவிடும்.
எனக்கு முன்னால் யாருமே இல்லை என்றுதான்
இரண்டு வருஷம் ஓடியிருக்கிறேன்,
ஒன்பதாவதாக வந்த அன்றைக்கும்.
இங்கே மூட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம்
லில்லி புஷ்பத்தின் ரிப்பன் தெரிகிறது.
துரத்துகிறேனா, துரத்தப்படுகிறேனா?
வட்டத்தில் இரண்டுக்கும் ஒரே முதுகு.

தேர்வு நாளன்று ஆறு பேர்.
சுற்றுக் கணக்குக்கு பெனாசிர்
எடைமேடைமேல் சம்மணமிட்டு,
ஒவ்வொருத்திக்கும் ஒரு டம்ளர்,
கடக்கும்போதெல்லாம் ஒரு சாக்பீஸ் துண்டு.
தகரக்கூரையில் மழை
லாரி லாரியாக ஜல்லி கொட்டியது.
அவள் வாய் அசைந்தது.
எண் வரவில்லை.

நானே எண்ணிக்கொண்டேன்.
ஆறு, ஏழு, ஒழுகும் இடத்து வாளி, எட்டு,
வாளி,
வாளி,
இது பத்தா?
வாளி நிரம்பி வழிந்தபோது
கடைசி அரையென்று முடிவுசெய்து
வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்.
ரிப்பன் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது.
எடைமேடையில் பெனாசிர்
எனக்கு ஒரு விரலைக் காட்டினாள்.

முதலிடம்.

கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.
அவள் தலையைத் தலையை ஆட்டினாள்,
அதே விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி
சுற்றிக் காட்டினாள்:
இன்னும் ஒன்று.

அந்த நூற்றிருபது மீட்டரை
எதை வைத்து ஓடினேன் என்று தெரியாது.
மூச்சு முடிந்திருந்தது, தொடை முடிந்திருந்தது,
வெற்றியும் ஒருமுறை வந்து முடிந்திருந்தது.
ரிப்பன் என்னைத் தாண்டியது. இன்னொருத்தியும்.
கோபம்கூட வரவில்லை.
முதன்முறையாகச் சுவரைப் பார்த்தேன்:
காவிக்கட்டியால் யாரோ எழுதிய பழைய கூட்டல் ஒன்று,
அதுவும் தப்பு.

மூன்றாவது.
மூன்று பேரை எடுத்தார்கள்.
பெனாசிர் என் டம்ளரைக் கவிழ்த்து
பதின்மூன்று துண்டுகளையும் எனக்கு எண்ணிக் காட்டினாள்,
ஏதோ நான் வழக்குப் போட்டதுபோல.

சாயங்காலம் மழை விட்டிருந்தது.
நேரான ரோட்டிலும் இடது பக்கமாகவே சாய்ந்து நடக்கிறேன்;
கொழுந்து ஏற்றி வந்த பிக்கப் ஹாரனடித்து
என்னை ஓரமாக்கியது.
பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் லயத்துக்கு
எவ்வளவு தூரமென்று யாரும் அளந்ததில்லை.
இன்றைக்கு எண்ணினேன்.
இறங்கும்போது ஏழு சுற்று.
ஏறும்போது ஒன்பது.