எட்டாவது ஆணி

நத்தம் சாலை, புளியமர இருட்டு.
நான்கு வண்டிகளும் நின்றுவிட்டன.
பாக்கு வியாபாரி சேவுகப்பெருமாள்
மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.
முன்னால் மூன்று குதிரைகள்.
மேலே இருந்தவர்களுக்கு முகமெல்லாம் துணி.

நான் முகம் பார்க்கிறவன் இல்லை.
மேலூர்ச் சந்தையில் லாடம் அடிக்கிறவன்.
நடையைக் கேட்டேன்:
டக், டக், டக், பிறகொரு சளக்.
பின்னங்கால், இடது.
போன செவ்வாய் என் தொடைமேல் கிடந்த கால்.

எட்டு ஆணிக்குக் காசு வாங்கி
ஏழு அடித்திருந்தேன்.

அது மூக்கை நீட்டி
என் உள்ளங்கையில் கருப்பட்டி தேடியது.
கடிவாளத்தைச் சுண்டினான்.
அசையவில்லை.

வேல்கம்பு என் கழுத்துக்கு வந்தது.
"யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"
"குதிரைய மட்டுந்தான் தெரியும் சாமி.
லாடம் ஆடுது.
இதோட வெரட்டுனா கால் போயிரும்."

ஒருவரும் பேசவில்லை.
கண்மாய்ப் பக்கம் ஆள்காட்டி கத்தி ஓய்ந்தது.
இறங்கினான்.
வண்டியில் துழாவி என் பையை எடுத்துப் போட்டான்.

அவர்கள் மூட்டை இறக்க இறக்க,
ஒருவன் தீவட்டி பிடிக்க,
அந்த ஆணியை அடித்தேன்,
நேராக.

சேவுகப்பெருமாள் அதற்குப் பிறகு
நான் ஏறும் வண்டியில் ஏறுவதில்லை.